அக்கா பேசக் கூடாது

எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு டாக்டர் என்னைப் பேச வேண்டாம் என்று சொன்னார். அதட்டிச் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, மிகவும் கனிவாகத்தான் சொன்னார். அந்த வருஷம் மழை பிடித்த வாரம் நான் பேச்சை நிறுத்தினேன். மழை ஓய்வதற்கு முன்பே திரும்பப் பேசிவிட்டேன். இடையில் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. மூடுபனியாய் மஞ்சு இறங்கிய நாட்களில் காலை எது, மாலை எது என்று தெரியாமல் போகுமே, அப்படி ஒரே பகலாகத்தான் அந்தக் காலம் முழுவதும் எனக்குள் கிடக்கிறது.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அட்டன் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்து லயங்களில், வரிசையாய்க் கட்டிய தொழிலாளர் வீடுகளில்தான், அம்மா, அப்பா, நான், தங்கை நான்கு பேருமே பிறந்தோம். யார் எந்த நாட்டுக்கு என்று இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு என்று விழுந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்துவிட்டு, ரயிலும் பஸ்ஸுமாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். ஊட்டியிலிருந்து பைக்காரா தாண்டிக் கூடலூருக்கு இறங்கும் ரோட்டில், திரும்பி வந்தவர்களுக்கென்று புதிதாகத் தேயிலை வைத்த ஒரு தோட்டத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை கிடைத்தது. திரும்பி வந்தவர்கள் என்பது சர்க்கார் வார்த்தை. எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் இந்த நாட்டைப் பார்த்ததில்லை.

தங்கைக்கு அப்போது ஏழு வயது. அவள் பேசமாட்டாள். அப்படிச் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. சிலோனில் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், ஒரு ரேடியோ இருந்தது. அதில் நேரம் சொல்பவரின் குரல் எப்படியோ அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கும் சம்பந்தமில்லாமல் திடீரென்று, "நேரம் ஆறு மணி பதினைந்து நிமிடம்" என்பாள். சுத்தமான உச்சரிப்பு, பெரிய மனிதரின் நிதானம். காலை பத்து மணிக்கும் ஆறேகால்தான், மத்தியானம் மூன்று மணிக்கும் ஆறேகால்தான். அதைத் தவிர அவளிடம் வேறு சொல் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையை எடுத்துக் குடத்தின்மேல் வைப்பாள். ஃபாக்டரிச் சங்கு ஊதினால் ஓடிவந்து ஒரு காதை என் வயிற்றில் அழுத்திக்கொண்டு, மறு காதைக் கையால் பொத்திக்கொள்வாள். அவளுக்கு என்ன வேண்டும், எது பிடிக்கவில்லை என்பதை நான் பார்த்து அம்மாவிடம் சொல்வேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அது என் வேலை. மற்றப் பிள்ளைகள் தண்ணீர் எடுக்கவும் சுள்ளி பொறுக்கவும் பழகியது போல நான் இதைப் பழகியிருந்தேன்.

அவளுக்கு ஐந்து வயதானபோது அப்பா எங்களைக் கண்டிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு சிங்கள அம்மா. சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் என்றார்கள். அவர் தங்கையை மேசைமேல் ஏற்றவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துத் தங்கை மெல்ல நகர்ந்துபோய் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். பொழுது சாயும்வரை எங்களை வைத்துக் கேள்வி கேட்டார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் கேள்விகளை மாற்றிச் சொல்ல, பாதிக்கு மேல் நான்தான் பதில் சொன்னேன். கடைசியில் டாக்டர் ஒரு சொல்லைச் சொன்னார், இங்கே ஆட்டிசம் என்கிறார்களே, அதை. நர்ஸ் அதை எங்களுக்கு "ஓட்டிசம்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இது வருத்தம் இல்லையாம். பிள்ளை பிறந்ததே இப்பிடித்தானாம். உங்கட பிழை ஒண்டும் இல்லையாம்."

வருத்தம் என்றால் அங்கே நோய். நாங்கள் இந்தியா போகப்போகிறோம் என்று அப்பா சொன்னதும், அங்கே இருக்கும் டாக்டர்களுக்கென்று இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார் அந்த டாக்டர் அம்மா.

அப்பா அதைப் பாஸ்போர்ட்டோடும் குடும்ப அட்டையோடும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். கப்பல் ஏறும்போதும் இறங்கும்போதும் முகாமிலும் ஒவ்வொரு மேசையிலும் உறையைப் பிரித்தோம். மற்றக் காகிதங்களிலெல்லாம் முத்திரை விழுந்தது. இந்தக் கடிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தனியாக எடுத்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒருவர் மேசைக்கு மேலாக எட்டித் தங்கையைப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறாள் என்றார்.

புதுத் தோட்டம் எங்களுக்குப் பழைய தோட்டத்தைக் கனவில் பார்ப்பது போல இருந்தது. அதே கொழுந்து வாசனை, அதே சரிவு, அதே தகரக்கூரை. ஆனால் எல்லாம் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. சூரியன் வேறு பக்கத்து மலையிலிருந்து ஏறியது. அம்மா காலையில் கதவைத் திறந்துகொண்டு இடதுபக்கம் குழாயடிக்குப் போவாள். அங்கே குழாய் இருக்காது, செம்மண் மேடுதான் இருக்கும். குடத்தோடு சற்று நின்றுவிட்டு வலதுபக்கம் திரும்புவாள். ஒரு மாதம்வரை அப்படித்தான் நடந்தது.

தங்கையை எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் எல்லோரும் மலைக்குப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, இங்கே லைன் என்று சொல்லும் லயத்தின் கோடியில் ஒரு கிரச் இருந்தது. நாங்கள் அதைப் பிள்ளைக்காம்பரா என்போம். அங்கே ஐந்து வயதுவரைதான் சேர்ப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாம்மா, வெகுகாலம் முன்பே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். தங்கையைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, வயது தாண்டியதால் ஆபீஸில் டாக்டர் எழுதித் தந்த எழுத்துக் கேட்பார்கள் என்றார்.

டாக்டர் புதன்கிழமைதோறும் ஊட்டியிலிருந்து ஜீப்பில் டிஸ்பென்சரிக்கு வருவார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் சளி பிடித்த மூக்கு, கழுத்துவரை பட்டன் போட்ட கம்பளிக் கோட்டு. கோயம்புத்தூர்க்காரர். கொழுந்து எடுக்கிறவர்களையும் வாங்க, உட்காருங்க என்றுதான் அழைப்பார். சிலோனில் கோட்டுப் போட்ட யாரும் எங்களை அப்படி அழைத்ததில்லை. அம்மா முதலில் சுவரோடு இன்னும் ஒதுங்கினாள். அவர் மறுபடி சொன்ன பிறகு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

அப்பா கடிதத்தை நீட்டினார். டாக்டர் இரண்டு தரம் படித்தார். பிறகு தங்கைக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினார், திரும்பினாள். டார்ச் லைட்டை அடித்துக் காட்டினார்; அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளங்கைக்குப் பின்னால் வைத்து விரல் சிவப்பதைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டே, "நேரம் ஆறு மணி பதினைந்து நிமிடம்" என்றாள்.

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு அழகாகப் பேசுகிற பிள்ளையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்று கம்பவுண்டரிடம் சொன்னார். அப்புறம் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இதைப் பத்தி நான் படிக்கறப்ப ஒரு பக்கம் இருந்துச்சுங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க ஊட்டுல, அம்மா புள்ளைய மடியில போட்டுக் கொஞ்சாத ஊட்டுல வர்றதுன்னு சொல்லுவாங்க. நீங்க இந்தப் புள்ளைய இடுப்ப விட்டு இறக்கியிருப்பீங்களா?"

அம்மா இல்லை என்று தலையசைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

ஊர்விட்டு ஊர், கப்பல், முகாம், இதிலெல்லாம் பெரியவர்களுக்கே பேச்சு நின்றுபோகும், பிள்ளைக்கு நிற்காதா என்றார் டாக்டர். கடிதம் கப்பல் ஏறுவதற்கு இரண்டு வருஷம் முந்தியது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். டாக்டர் அதைக் காதில் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் இவள் யாரிடம் கேட்பாள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள்.

"அங்கதானுங்க விஷயமே இருக்குது. அக்கா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தர்றா. அப்புறம் சின்னதுக்குப் பேசோணும்னு என்ன அவசியம்?" என் தலைமேல் கை வைத்தார். "அம்மிணி, கொஞ்ச நாளைக்கு நீ பேசாம இரு. தங்கச்சி தானாப் பேசுவா. முதல்ல அழுவா, அடிச்சுக்குவா, சோறு வேண்டாம்பா. யாரும் விட்டுக் குடுத்தராதீங்க. அது பேச்சு வர்றதுக்கு முந்தி வர்ற அடம்."

கிரச்சுக்கு எழுத்துத் தரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம்தான் போக வேண்டும் என்றார். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் அவரை நினைத்து நான் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்று அவர் எங்களை அலட்சியம் செய்யவில்லை. அவருக்கு எங்கள்மேல் இரக்கம் இருந்தது. கடல்தாண்டி வந்து இவ்வளவு பட்டவர்களுக்கு இதுவும் இருக்க வேண்டாம் என்று அவர் மனசார நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு பெரிய வார்த்தை லைன் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று அவரால் நினைக்க முடியவில்லை என்பதும் உண்டு.

வீட்டுக்கு ஏறும் பாதையில் அம்மா சிரித்துக்கொண்டே நடந்தாள். கப்பலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்பா பின்னால் வந்தார். கண்டியில அந்தம்மா ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தாங்களே என்றார்.

"அந்தம்மா சொன்னதுக்கு அர்த்தம், இவ எப்பவும் இப்படித்தான்னு. இவரு பேசுவான்றாரு," என்றாள் அம்மா. "நான் யார நம்பறது, சொல்லுங்க."

அப்பா கடிதத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது, மழையும் வந்தது. தங்கைக்கு முன்னால் மட்டும் பேசாமலிருந்தால் போதும் என்றுதான் அம்மா நினைத்திருப்பாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என் பேச்சு அவளுடைய பேச்சை எடுத்துக்கொண்டு விட்டது என்று நினைத்தேன். ஒரே குடத்தில் இருக்கும் தண்ணீர் மாதிரி. நான் எடுக்காமல் இருந்தால்தான் அவளுக்கு மிஞ்சும். அதனால் எங்கேயும் பேசவில்லை. வகுப்பில் பதிலைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். தொண்டையில் ஏதோ என்று டீச்சர் முதலில் நினைத்தார். பிறகு சிலோன் பிள்ளைகளில் ஒன்று ஊமை என்று வைத்துக்கொண்டார். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

பேசாமல் இருப்பது முதல் சில நாட்கள்தான் கஷ்டமாக இருந்தது. சொற்கள் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டன. அவை போன இடத்தில் வேறு ஏதோ வந்து நிறைந்தது. தகரக்கூரைமேல் மழை ஒரே மாதிரிப் பெய்வதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மேட்டுப்பக்கத்துத் தகரத்தில் ஒரு சத்தம், ஆணி கழன்ற தகரத்தில் ஒரு சத்தம். யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரங்களுக்குள் மஞ்சு நுழையும்போது இலைகளிலிருந்து சொட்டுவது, மழை நின்ற பிறகும் வெகுநேரம் இன்னொரு மழை பெய்வது போலிருக்கும். தங்கை அந்த இரண்டாவது மழைக்காகக் காத்திருப்பாள். நான் அத்தனை வருஷம் அவளோடு இருந்தும் அதைக் கவனித்ததில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் பார்த்திருந்தேனே தவிர, ஒன்றும் வேண்டாதபோது அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்ததில்லை.

பள்ளிவிட்டு வந்து இருவரும் லைனுக்குப் பின்னால் மண்மேட்டில் உட்காருவோம். மஞ்சு கீழிருந்து ஏறி வரும். முதலில் ரோடு மறையும், அப்புறம் தேயிலை, அப்புறம் எங்கள் கால். அவள் மெல்ல முனகுவாள், ராகமும் இல்லாமல் பேச்சும் இல்லாமல். கேட்டுக்கேட்டு நானும் முனகினேன். அது பேச்சில் சேராது என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். ஒருநாள் நான் நிறுத்தியதும் அவள் என் தாடையைத் தொட்டாள். மறுபடி தொடங்கினேன். எனக்கு அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தது. அம்மா வேலையிலிருந்து வந்ததும் முதலில் தங்கையின் வாயைத்தான் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று நான் தலையசைப்பேன். அவள் முகம் வாடும்போது, நாங்கள் இருவரும் அவளை ஏமாற்றிவிட்டு எங்கோ போய்விட்டு வந்தது போல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பள்ளியில் தங்கை நிலைக்கவில்லை. முதல் நாள் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தாள். இரண்டாம் நாள் நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு மற்றதையும் கழற்றினாள். மூன்றாம் நாள் டீச்சர் அவளை என் கையில் பிடித்துக் கொடுத்து, பேச்சு வந்த பிறகு அனுப்பினால் போதும் என்றார். பள்ளியில் இடமில்லை, கிரச்சுக்கு எழுத்து இல்லை. அம்மா அவளை மலைக்குக் கூட்டிப்போய்ச் சாக்கைப் போர்த்தி ஒரு மரத்தடியில் உட்கார வைத்தாள். மழையில் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கு வரக் கூடாது என்று சூப்பர்வைசர் சொன்னார். அதன் பிறகு, நான் பள்ளியிலிருந்து வரும்வரை அவளை வீட்டுக்குள் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். இதை எழுதும்போது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போலிருக்கிறது. மற்ற வீடுகளிலும் அப்படிச் செய்ததுண்டு. வேறு வழி இல்லை.

நான்கைந்து நாள்தான் அப்படி நடந்தது. ஒரு மத்தியானம் நான் திரும்பி வந்தபோது தாழ் திறந்திருந்தது, உள்ளே தங்கை இல்லை. கூப்பிட வாய் எடுத்து, மூடிக்கொண்டு, லைன் முழுக்க ஓடினேன். அவள் பிள்ளைக்காம்பராவில் ஒரு தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவில் தலையை முட்டும் சத்தம் கேட்டதாம், ஆயாம்மா போய்த் திறந்து கூட்டி வந்திருக்கிறார். ஆபீஸில் கேட்டால் என்ன சொல்வது என்று மாலையில் அம்மா பயந்தாள்.

"எழுத்து வாரப்ப வரட்டுமுங்க," என்றார் ஆயாம்மா. "அது வரைக்கும் புள்ள கதவுக்குள்ளயா கெடக்கும்?"

அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் காலையில் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார்.

மழை உச்சத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை தலையின் இடதுபக்கத்தைக் கையால் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சோற்றைத் தள்ளினாள். அழுதாள், அழுகை நின்றதும் மறுபடி அடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனவள் நின்றுவிட்டாள். அழுவா, அடிச்சுக்குவா, சோறு வேண்டாம்பா என்று டாக்டர் வரிசையாகச் சொன்னது எல்லாம் வரிசையாக நடந்தது. அம்மாவின் முகத்தில் பயமும் ஆசையும் சேர்ந்திருந்தன. விட்டுக் கொடுக்கக் கூடாது என்றாள் அப்பாவிடம். தங்கையின் முன்னால் உட்கார்ந்து, "சொல்லும்மா, என்ன வேணும், வாயைத் தொறந்து சொல்லு," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் தெரியும். ஞாயிறு மத்தியானமே தங்கை என் கையை எடுத்துத் தன் இடது காதின்மேல் வைத்தாள். காது சுட்டது. திங்கட்கிழமையும் வைத்தாள். என் கையை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு என் சட்டையைப் பார்த்தபடி நின்றாள். நான் சொல்லிவிட்டால் அவளுக்கு வரவிருக்கும் பேச்சு போய்விடும் என்று நினைத்தேன். காது என்ற சொல் சின்னச் சொல்தானே, இதோ சொல்லிவிடுவாள், இதோ என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அவள் என் கையை எடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புதன் காலை தலையணையில் சீழும் ரத்தமும் இருந்தன.

டிஸ்பென்சரியில் அன்று நல்ல கூட்டம். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு வரிசையைத் தாண்டி உள்ளே போனாள். காலையில் தலையணையைப் பார்த்ததிலிருந்து பதறிப்போயிருந்தவள் எதையும் சேர்த்துச் சொல்ல முடியாமல் நின்றாள். டாக்டர் தங்கையின் முன்னால் குனிந்து, எங்கே வலிக்குது கண்ணு, நீயே சொல்லு பார்க்கலாம் என்றார். காத்திருந்தார். அவர் பொறுமையான மனிதர். மறுபடி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

"காது," என்றேன். "இடது காது. ஞாயித்துக்கிழமையில இருந்து."

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது போலிருந்தது, துருப்பிடித்த தாழ் மாதிரி. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் தங்கையின் தலையைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே கம்பவுண்டரைக் கூப்பிட்டுப் பஞ்சும் மருந்தும் எடுக்கச் சொன்னார். துடைத்து, மருந்து விட்டு, ஊசி போட்டார். தங்கை கத்திய கத்தலில் வெளியே கூட்டம் அமைதியாகிவிட்டது. எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார், ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை என்று.

"நீங்கதான் பேச வேணாம்னு சொன்னீங்க," என்றேன்.

அவர் துண்டைக் கீழே வைக்கவில்லை. காய்ந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அப்படி நெனச்சுச் சொல்லலீங்க, அம்மிணி," என்றார் கடைசியில்.

சின்ன வயதில் என்னைப் பார்த்து அவர் மரியாதையாக 'ங்க' போட்டது அந்த ஒரு முறைதான். எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பின்னும் நான் ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன் என்று அம்மா சொல்வாள். தங்கைக்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் தட்டில் சாப்பிடுவாள், மழைக்குப் பிறகு வரும் மழை என்று எல்லாவற்றையும் கூட்டத்துக்கு நடுவில் நின்று கொட்டினேனாம். எனக்கு அது நினைவில்லை.

அன்று அவர் கிரச்சுக்கு எழுத்துத் தந்தார். காதில் சீழ் இருப்பதால் பராமரிப்பில் வைக்க வேண்டும் என்று இருந்தது. கண்டியில் எழுதிய சொல் அதில் இல்லை. எங்களை அனுப்பும்போது அம்மாவிடம், இப்போது எனக்கு விளங்குகிறது, காதுதான் எல்லாவற்றுக்கும் காரணம், காது ஆறினால் பேச்சு வரும் என்றார். ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அப்பா மூன்று தடவை லீவு போட்டு அவளைக் கூட்டிப்போனார். காது ஆறியது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று அங்கே சொன்னார்கள். அம்மா இன்னும் ஒரு வருஷம் காத்திருந்தாள்.

அடுத்த மழையில் ஒரு நாள், தோட்டம் லீவு. அம்மா அடுப்புக்கு மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை வெளியே கூரை விளிம்பின் கீழ் நின்று, விழும் சொட்டைப் புறங்கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கதவருகே வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அவ பேசமாட்டா, இல்ல?" என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

"மாட்டாம்மா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருந்ததா என்று யோசித்தேன். தெரியாது என்றேன். அது உண்மைதான். போன வருஷ மழையில் நானும் அம்மாவைப் போலத்தான் நம்பியிருந்தேன்.

"உன்னையும் சேர்த்து வாய மூட வச்சேன்," என்றாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தங்கைக்குப் பக்கத்தில் நின்றாள். அடுத்த சொட்டுக்குக் கீழே கையை நீட்டினாள். தங்கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சற்று இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள். அதன் பிறகு பேசு பேசு என்று அம்மா அவளைக் கேட்கவே இல்லை.

தங்கை பதினைந்து பதினாறு வயதுவரை பிள்ளைக்காம்பராவிலேயே இருந்தாள். தொட்டில் ஆட்டுவாள், டம்ளர் கழுவுவாள். வயது தாண்டிவிட்டது என்று கேட்டு வந்தவர்களை ஆயாம்மா என்ன சொல்லி அனுப்பினார் என்று எங்களுக்குத் தெரியாது. நான் படித்து ஊட்டியில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா காலமான பிறகு அம்மாவையும் தங்கையையும் என்னோடு கூட்டி வந்தேன். வெகுகாலம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு இளம் டாக்டர் தங்கையை ஒரு மணிநேரம் பார்த்தார். கண்டிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். மடிப்புகளில் கிழிந்து அது நாலு துண்டாகியிருந்தது. இதிலேயே எல்லாம் இருக்கிறதே அக்கா, இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் சிரித்துவைத்தேன். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான சர்க்கார் அட்டை வந்தது. அதில் கண்டியில் கேட்ட அந்தச் சொல் அச்சில் இருந்தது.

பழைய டாக்டரை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். ஊட்டி மார்க்கெட்டில், ஒரு சனிக்கிழமை. தங்கையும் என்னோடு இருந்தாள். அவர் நன்றாகத் தளர்ந்திருந்தார், அதே மாதிரி கழுத்துவரை பட்டன். நான்தான் அருகே போய், பைக்காராவுக்குக் கீழே இருந்த தோட்டத்தையும் எங்கள் லைனையும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"காது எப்படிங்க இருக்குது?"

"நல்லா ஆயிருச்சுங்க, ஐயா."

"பேச்சு?"

"இல்லீங்க."

கையிலிருந்த முள்ளங்கிக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே காதுக்கு இன்னும் பெரிய டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும், தப்பு என் பேரில்தான் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அட்டை என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டலாம் என்று பையின் ஜிப்பில் கை வைத்தேன். அந்த நேரம் மார்க்கெட்டில் ஒலிபெருக்கி அலறியது. தங்கை என் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். அவரிடம் அவசரமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். உடம்பு எப்படியிருக்கிறது, பிள்ளைகள் கூட இருக்கிறார்களா என்று விசாரித்தாள். அது எதையும் நான் கேட்டு வரவில்லை. நீ அட்டையைக் காட்டியிருக்கலாம் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த பீன்ஸை எடுத்தாள். எனக்குத்தான் இரண்டு மூன்று நாள் மனசு ஆறவில்லை, ஜிப்பைத் திறந்திருக்கலாம் என்று. திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். ஒரு வாரத்தில் மார்க்கெட் ஞாபகம் மங்கிவிட்டது. பிறகு ஒரு மழைநாளில், தங்கையோடு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தபோது, இந்தக் கதையை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.